மூளை அண்ணனின் மூன்றாவது தியரி

மனித மூளை எப்படி வேலை செய்கிறது என்று உலகத்தில் யாருக்கும் முழுதாகத் தெரியாது. எங்கள் ஊர் பீடோங்கில் ஒருவருக்கு மட்டும் அது மூன்று முறை முழுதாகத் தெரிந்திருந்தது.

அவர் எங்கள் பெக்டரி வேன் ஓட்டுநர். சொந்தப் பெயர் லைசென்ஸில் இருந்திருக்க வேண்டும். ஐந்து வருடம் அந்த வேனில் போய்வந்த நான் ஒருநாளும் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் மூளை அண்ணன். காலை ஐந்தே முக்காலுக்கு பீடோங் சந்தையடியில் கிளம்பி, இரண்டு தோட்டத்து முனைகளில் நின்று, பன்னிரண்டு பெண்களை அள்ளிக்கொண்டு சுங்கை பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இறக்கிவிடுவார். நான் அங்கே சோதனைப் பிரிவில் டெக்னீஷியன். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, எங்காவது ஊசித்துளை வழியாகச் சொட்டுகிறதா என்று பார்ப்பது என் வேலை.

அண்ணனின் ஆராய்ச்சிக்கு மூலகாரணம் ஒரு பாதிப் புத்தகம். வார இறுதியில் வேனை வாடகைக்கு எடுத்த கல்லூரிப் பிள்ளைகளில் யாரோ விட்டுப்போன உளவியல் பாடப்புத்தகம். மலாய் மொழியில் இருந்தது. முன்னட்டை இல்லை, பின்பாதியும் இல்லை. ஏழாவது அத்தியாயம் ஞாபகசக்தியைப் பற்றியது. அதில் ஒரு கொள்கையை நாலு பக்கம் விளக்கிவிட்டு, ஆனால் பின்னால் வந்த ஆய்வாளர்கள் என்று அடுத்த வாக்கியம் தொடங்கும் இடத்தில் தாள் தீர்ந்துவிடும்.

பின்னால் வந்தவர்கள் அந்தக் கொள்கையை ஏற்றார்களா, மறுத்தார்களா, அதற்கு மேல் கேள்வி கேட்டார்களா? புத்தகம் சொல்லவில்லை. மற்றவர்களாக இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருப்பார்கள். அண்ணன், பின்னால் வந்த ஆய்வாளர் நாம்தான் என்று முடிவு செய்துவிட்டார்.

சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். ஒரு பக்கத்தில் ஒரு தியரி. தியரி பொய்த்துப்போனால் தாளைக் கிழிக்க மாட்டார், அழிக்கவும் மாட்டார். குறுக்கே ஒரே கோடு, கீழே தேதி, அதற்கும் கீழே "கொன்றவர்" என்று எழுதி ஒரு பெயர்.

முதல் தியரி: மூளை ஒரு அலமாரி. ஏழு தட்டுதான், எட்டாவது சாமான் வைத்தால் ஒன்று கீழே விழும். இதைச் சோதிக்க, நாங்கள் ஏறும்போது ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு சாமான்கள் சொல்லுவார். பெக்டரி வாசலில் ஒப்பிக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் பெரும்பாலும் நாலைந்தோடு நின்றுவிடுவோம். அண்ணன் முகம் மலரும். தனம் அக்கா முறை வந்தது. இரண்டாவது வரிசையில் ஜன்னலோரம் உட்காரும், எங்கள் வேனிலேயே மூத்த தொழிலாளி.

"கத்தரிக்கா, தோர்ச்சு லைட்டு, சீயக்கா, ஊதுபத்தி..." என்று பன்னிரண்டையும் சொல்லி முடித்த அக்கா, "சீயக்கா சந்தையில இல்ல. தஞ்சோங் டாவாய் போற ரோட்டுல அந்த முக்குக் கடையில இருக்கு. ஊதுபத்தி அங்க வாங்காதீங்க, நமுத்துப்போயிருக்கும்" என்றார்.

அண்ணன் அன்றே கோடு போட்டார். கொன்றவர்: தனம்.

இரண்டாவது தியரி: மூளை ஒரு வேன். இடம் குறைவு. புதியவர் ஏற வேண்டுமானால் பழையவர் இறங்க வேண்டும். இது சுமார் ஒரு வருடம் ஓடியது. எங்களில் ஒருவரான லெட்சுமி அக்காதான் நிறுத்தினார். தம்பி கல்யாணத்துக்கு எந்தச் சேலை கட்டினார் என்பதே அவருக்கு நினைவில்லை. ஆனால் இருபது வருடமாக மாமியார் சொன்ன ஒவ்வொரு சொல்லையும், சொன்ன இடம், கிழமை, அன்று வைத்த குழம்பு உட்பட, சுங்கை பட்டாணி வரும்வரை சொன்னார்.

"இதுல எத்தன பேரு எறங்கிருக்காங்க லெட்சுமி?" என்று அண்ணன் கேட்டார்.

"எங்க எறங்குறது? எல்லாம் சீசன் டிக்கெட்டு லா அண்ணே."

கொன்றவர்: லெட்சுமி. அடைப்புக்குறிக்குள், மாமியார் உதவியுடன்.

இடையில் ஒரு சில்லறை ஆராய்ச்சியும் நடந்தது. மனிதர்கள் எதிர்பார்ப்பதைத்தான் பார்க்கிறார்கள், இருப்பதைப் பார்ப்பதில்லை என்று அண்ணனுக்கு ஒரு சந்தேகம். அதற்காகத் தன் மீசையை எடுத்துவிட்டார். முப்பது வருட மீசை. கடாரத்து மன்னருக்கே பொருத்தமான மீசை. திங்கட்கிழமை காலை மழுமழு முகத்தோடு வந்து, ஏறுகிற ஒவ்வொருவரிடமும் வலியப் பேச்சுக் கொடுத்தார். பன்னிரண்டு பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை. செவ்வாயும் இல்லை. வீட்டில் அண்ணிகூட, "என்னாது, காய்ச்சலா?" என்றதோடு சரியாம். நான் மூன்று நாளும் அவருக்குப் பக்கத்திலேயே முன் இருக்கையில் உட்கார்ந்து போனேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். நாலாம் நாள் பெக்டரி வாசலில் நேபாளத்துக் காவலாளி குனிந்து பார்த்து, "அபாங், மீசாய் மானா?" என்று மலாயில் கேட்ட பிறகுதான் நாங்கள் பன்னிரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி, அண்ணனின் மீசை எங்கே என்று பார்த்தோம்.

சோதனை வெற்றிதான். ஆனால் அண்ணன் இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை.

மூன்றாவது தியரிதான் பெரியது. வேனில் முன்கண்ணாடியோரம் ரோட்டைப் படம் பிடிக்கும் கேமரா ஒன்று பொருத்தினார். அடுத்த வாரமே தியரி பிறந்துவிட்டது. மூளை ஒரு கேமரா. பிறந்ததிலிருந்து எல்லாம் பதிவாகிறது. மறதி என்று ஒன்று கிடையாது, பதிவைத் திரும்பப் போடத் தெரியாததுதான் குறை. இதற்கு ஆதாரம் அண்ணனே.

"போன மாசம் மொத வெள்ளி நான் என்ன கலரு போட்டிருந்தேன் அண்ணே?"

கண்ணை ஒரு நொடி மூடுவார். வேன் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு நொடி எனக்கு மிக நீளமானது. "பச்ச. சட்டக் கையில வெள்ளப் பூவு."

கேட்டவர் வாயைப் பிளப்பார். அண்ணன் ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஏனென்றால் போன மாதம் முதல் வெள்ளி என்ன நிறம் போட்டோம் என்று எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. இந்தச் சோதனைமுறையில் இருந்த ஓட்டையை நான் ஒருநாள் எடுத்துச் சொன்னேன்.

"அண்ணே, ஒரு கையுறையில தண்ணி ஊத்தி சொட்டலன்னா, அது நல்ல கையுறைன்னு அர்த்தமில்ல. இன்னும் சொட்டலன்னுதான் அர்த்தம். நீங்க தண்ணியே ஊத்தலயே."

"ஊத்துமா, ஊத்து. இந்தத் தியரி சொட்டாது."

சொட்டாமல் இரண்டு வருடம் ஓடியது. கோடு விழாத ஒரே பக்கம். நோட்டை எடுக்காமலே சட்டைப் பையைத் தட்டிக்கொள்வார்.

மலர் வந்தது அந்தச் சமயத்தில்தான். பாலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண். பீடோங்கில் இரண்டாவது தோட்டத்து முனைக்கருகே ஓர் அறை எடுத்துத் தங்கி, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மூன்றாவது வரிசையில், தனம் அக்காவுக்கு நேர் பின்னால், வேலையை விட்டுப்போன ஒருவரின் இடம் கிடைத்தது. இரண்டு வாரத்தில் அவள் பேசிய மொத்த வார்த்தைகள் இருபது இருக்கலாம். எங்கள் வேனில் அது ஒரு நிமிடத்துக்கே போதாது.

அந்த வாரம் திங்கள் மாலை ஆயுத பூஜை. பீடோங் கோயில் முன்னால் மோட்டார் சைக்கிள், லாரி, கெரேத்தா என்று நாங்கள் சொல்லும் கார் எல்லாம் வரிசையாக நின்றன. அண்ணன் எதையும் பாதியாகச் செய்ய மாட்டார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், முகப்பில் வாழைக்கன்று, ஸ்டீரிங்குக்குச் சந்தனம், உள்ளே தொங்கும் கண்ணாடிக்குத் திருநீற்றுப் பட்டை, குங்குமம், அதன்மேல் சாமந்தி மாலை. அந்தக் கண்ணாடிதான் வண்டிக்கு நெற்றி என்பது அவர் கட்சி. மூன்று நாள் கழித்துத்தான் துடைப்பார். அதுவரை பக்கக் கண்ணாடிகளை வைத்தே ஓட்டுவார்.

புதன் காலை தனம் அக்கா ஏறும்போதே அழுத முகம். ஒரு காதில் தோடு இல்லை. கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் போட்ட தோடு.

"நேத்துக் காலையில வேன்ல ஏறுறப்ப இருந்துச்சு. ராத்திரி பாக்குறேன், இல்ல."

எல்லோரும் இருக்கைக்கு அடியில் தேடினார்கள். யாரோ கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். "அது ரோட்டப் பாக்குதுமா, உங்கள இல்ல" என்ற அண்ணன், ஸ்டீரிங்கைப் பிடித்தபடி ஒரு நொடி கண்ணை மூடினார். பிறகு, சொல்ல விருப்பமில்லாதவர் போலச் சொன்னார்.

"நேத்து கண்ணாடியில பாத்தேன். மூனாவது வரிசையில அந்தப் புள்ள குனிஞ்சு, தனம் சீட்டுக்கு அடியில கைய விட்டு எதையோ எடுத்துச்சு."

பதினோரு தலைகள் பின்னால் திரும்பின. மலர், "நான் எடுக்கல" என்றாள்.

மாலைக்குள் எல்லோருக்கும் நினைவு வந்துவிட்டது. எங்கள் கைப்பேசிப் புலனக் குழுவில் ஒவ்வொருவராகத் தாங்கள் பார்த்ததை எழுதினார்கள். வெள்ளிக்கிழமை மலரை வேனிலிருந்து நிறுத்திவிட்டு, சூப்பர்வைசரிடமும் சொல்லிவிடுவது என்று முடிவானது. அந்த நேரத்தில் பீடோங்கிலிருந்து அங்கே போக வேறு பஸ் கிடையாது. வேன் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் மலர் திருடி என்ற பெயரோடு பாலிங்குக்குத் திரும்ப வேண்டும்.

எனக்கும் நினைவு இருந்தது. அவள் குனிவது, கை நீள்வது, தலைமுடி முன்னால் சரிவது. இரவு பல் தேய்க்கும்போது ஒரு கேள்வி வந்தது. நான் உட்காருவது முன் இருக்கை. பார்ப்பது ரோட்டை. மூன்றாவது வரிசையை எந்தக் கண்ணால் பார்த்தேன்?

எனக்குப் பயம் வந்தால் பட்டியல் போடுவேன். வியாழக்கிழமை தேநீர் இடைவேளையில், மலரை விட்டுவிட்டு, மற்றப் பத்துப் பேரிடமும் மூன்றே கேள்வி கேட்டேன். என்ன பார்த்தீர்கள்? அவள் என்ன நிறச் சட்டை? இது முதலில் எப்போது நினைவுக்கு வந்தது? பத்துப் பேரும் அவள் குனிந்ததைப் பார்த்திருந்தார்கள். சட்டைக்கு ஐந்து நிறம் வந்தது. லெட்சுமி அக்கா நிறத்தோடு பித்தான் எண்ணிக்கையும் சொன்னார்.

"அக்கா, செவ்வாக்கெழம நீங்க எம்சி லீவுல இருந்தீங்களே. வேனுக்கே வரலயே."

"அதுக்கு? வீட்டுல இருந்தா கண்ணு தெரியாதா?"

மூன்றாவது கேள்விக்கு மட்டும் பத்துப் பேரின் பதிலும் ஒன்றுதான். மூளை அண்ணன் சொன்னபோது.

அன்று மாலை சந்தையடியில் எல்லோரும் இறங்கிய பிறகு பட்டியலை அவரிடம் நீட்டினேன். நிதானமாகப் படித்தார்.

"பத்துப் பேரு பாக்காமலே சொல்றாங்க. சரி. ஆனா நான் பாத்தேன்மா. கண்ணாடியில பாத்தேன். இப்பவும் தெரியுது."

"தண்ணி ஊத்திப் பாப்போமா அண்ணே?"

"எம்மேலயா?"

"தியரி மேல."

அவர் என் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில், நோட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டார். எனக்கு நம்பிக்கை இல்லை. நல்ல நினைவாற்றல் உள்ளவர் என்ற பெயர் ஒன்றுதான் அவருக்கு ஊரில் இருந்த சொத்து. அதில் துளை போடச் சொல்லி அவரிடமே ஊசியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை. மலர் தோட்டத்து முனைக்கு வர மாட்டாள் என்று நினைத்திருந்தோம். வந்தாள். துணிப்பை ஒன்று கையில் இருந்தது. நேராகப் பாலிங் போகத் தயாராக வந்தவள் போல இருந்தாள். அண்ணன் அவளை ஏற்றிக்கொண்டு, கொஞ்ச தூரம் போய், ஒரு செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் வேனை நிறுத்தினார். மணி ஆறு பத்து. ஆறரைக்கு ஷிப்ட்.

"எல்லாரும் எறங்குங்க. ஒவ்வொருத்தரா எஞ் சீட்டுல வந்து ஒக்காருங்க."

"அண்ணே, லேட்டாச்சு லா" என்றார் லெட்சுமி அக்கா.

"மொதல்ல தனம்."

தனம் அக்கா பிறவியில் முதல்முறையாக ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"கண்ணாடியப் பாரு. மூனாவது வரிசை தெரியுதா?"

"தெரியல."

"என்னா தெரியுது?"

"திருநீறு."

"அப்புறம்?"

"குங்குமம். சாமந்திப்பூ."

"அடுத்து லெட்சுமி."

பதினோரு பேரும் ஏறி இறங்கினோம். பதினோரு பேருக்கும் திருநீறுதான் தெரிந்தது. கடைசியாக அண்ணன் கதவருகே நின்றுகொண்டு பேசினார்.

"நேத்து சாயந்தரம் வழக்கம்போல கண்ணாடியத் தொடச்சேன். பாதி தொடச்சப்பதான் கையி நின்னுபோச்சு. திங்கக்கெழமையிலேருந்து இது மூடித்தானே இருந்துச்சு. புதன்கெழம நான் உங்ககிட்ட சொன்னப்பகூட, திருநீறு பூசுன இந்தக் கண்ணாடிக்கு நேராதானே ஒக்காந்துகிட்டுச் சொன்னேன். நானும் பாக்கல, நீங்களும் பாக்கல. அதான் இன்னிக்கு மறுபடி அதே மாதிரி பூசிக்கிட்டு வந்தேன்."

எல்லோருக்கும் மீசை நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"இதுல பெரிய விஷயம் என்னான்னா, இப்பவும் கண்ண மூடுனா அந்தப் புள்ள குனியறது தெரியுது. கலர்ல தெரியுது. ஆனா நடக்கல." மலர் பக்கம் திரும்பினார். "நான் பொய் சொல்லலமா. ஆனா நான் சொன்னது பொய். என்ன மன்னிச்சிரு."

மலர் துணிப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "பரவால்ல அண்ணே. எல்லாரும் சொல்லச் சொல்ல, ரெண்டு நாளா எனக்கே நான் எடுத்த மாதிரிதான் ஞாபகம் வந்துச்சு. எங்க வெச்சேன்னு ரூம் பூரா தேடுனேன்."

முதலில் சிரித்தது தனம் அக்கா. பிறகுதான் அழுதார். அதற்குப் பிறகு மலரைத் தன் பக்கத்து இருக்கைக்கு இழுத்துக்கொண்டார். நாங்கள் பன்னிரண்டு பேரும் ஷிப்டுக்குத் தாமதம். தாமதப் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் நான் "கண்ணாடி மறைப்பு" என்று எழுதினேன். வாகனக் கோளாறு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

தோடு கிடைத்தது அதற்கு மூன்று வாரம் கழித்து. தனம் அக்கா வீட்டு வாஷிங் மெஷினின் ரப்பர் வளையத்துக்குள் சிக்கியிருந்தது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். தோடு கிடைத்ததால் அண்ணன் தன் தவற்றை ஒப்புக்கொண்டார் என்பதல்ல. அவர் ஒப்புக்கொண்டபோது தோடு எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது.

கிடைத்த மறுநாள் இரண்டு காதிலும் தோடோடு ஏறிய தனம் அக்கா சொன்னார்: "எனக்கு அன்னிக்கே தோணுச்சு லா, இது வீட்டுலதான் இருக்கும்னு."

"நான்தான் மொதல்லேருந்தே சொன்னேனே, அந்தப் புள்ள எடுத்திருக்காதுன்னு" என்றார் லெட்சுமி அக்கா.

அண்ணன் பின்னால் திரும்பாமல், கண்ணாடியில் அவர்களைப் பார்த்துச் சிரித்தார். அப்போது அது துடைத்துச் சுத்தமாக இருந்தது.

அவர் நோட்டை ஒரு முறை வாங்கிப் பார்த்தேன். மூன்றாவது பக்கத்தின் குறுக்கே கோடு. வெள்ளிக்கிழமைத் தேதி. கொன்றவர் என்ற இடத்தில் என் பெயர். அடுத்த பக்கத்தில் நாலாவது தியரி ஏற்கெனவே ஏறியிருந்தது. ஞாபகம் என்பது சாம்பார். எடுத்துவைத்ததைச் சூடு பண்ணுவதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாக வைக்கிறோம், அன்றைக்கு அடுப்படியில் கிடைத்ததையும் போட்டு. அந்தப் பக்கத்தின் அடியில் புதிதாக ஒன்றைக் கண்டேன். "கொன்றவர்" என்று முன்கூட்டியே எழுதி, எதிரே இடம் விட்டிருந்தார்.

இப்போது எனக்குக் கூலிம் ஊரில் வேலை. சொந்தக் கெரேத்தாவில் போகிறேன். போன வருடம் அலோர் ஸ்டாரில் ஒரு பழைய புத்தகக் கடையில் அதே உளவியல் புத்தகம் முழுதாகக் கிடைத்தது. வாங்கி, ஏழாவது அத்தியாயத்தைத் திறந்து, பின்னால் வந்த ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள் என்று படித்துவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, அந்த வாக்கியம் எப்படி முடியுதுன்னு சொல்லவா?"

போனில் வேன் சத்தமும் பெண்கள் சத்தமும் கேட்டன. கொஞ்சம் யோசித்தார்.

"வேணாம்மா. அந்தப் பின்னால வந்தவங்களுக்கும் பின்னால யாராச்சும் வந்திருப்பாங்கல்ல?"

புத்தகம் என் அலமாரியில் இருக்கிறது. ஏழு தட்டு அலமாரி அல்ல, நாலு தட்டு. என் மேல் என்றைக்காவது ஒரு பழி விழுந்தால், எனக்காகப் பேச யார் யார் வருவார்கள் என்று பட்டியல் போட்டுப் பார்த்ததுண்டு. அதில் பெயர்கள் அடிக்கடி மாறும். எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல மட்டும், தன் சாட்சிக்கே தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் மூளை அண்ணன்தான் வர வேண்டும்.